டயர் மாற்றிய பிறகு பைக்கில் எச்சரிக்கை விளக்கு எரிவது ஏன்?

புது டயர் போட்டு வண்டியை வெளியே எடுத்ததும் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "புது டயர்தானே, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்பார்கள், இல்லையென்றால் "சென்சார் போயிருக்கும், மாத்திடுங்க" என்பார்கள். இரண்டுமே சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல் சொல்லும் பதில்கள். முதல் பதிலை நம்பினால் ஏபிஎஸ் வேலை செய்யாத வண்டியில் தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்போம். இரண்டாவதை நம்பினால் நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவோம், அப்போதும் விளக்கு அணையாது.

அந்த விளக்குக்கு டயரைப் பற்றி எதுவும் தெரியாது. டயர் புதிதா பழையதா, எந்தக் கம்பெனி, எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறார்கள் என்று பைக்கின் கணினி பார்ப்பதில்லை. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற தகவலும், சில வண்டிகளில் உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்ற தகவலும்தான் அதற்குக் கிடைக்கின்றன. டயர் மாற்றும்போது சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறோம். அந்த வேலையில் இந்தத் தகவல் வரும் வழி எங்கேயாவது தடைபட்டால் விளக்கு எரிகிறது. ஆகவே தேட வேண்டியது பெரும்பாலும் டயரில் அல்ல, டயரைச் சுற்றிக் கை பட்ட இடங்களில்.

## முதலில் எந்த விளக்கு என்று பாருங்கள்

சிவப்பு என்றால் வண்டியை நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தம், இன்ஜின் சூடு, சில வண்டிகளில் பிரேக் ஆயில் அளவு ஆகியவை சிவப்பில் வரும். இவற்றை டயர் மாற்றியதோடு முடிச்சுப் போட்டு அலட்சியம் செய்யக் கூடாது.

மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு உதவி வசதி இப்போது வேலை செய்யவில்லை, அல்லது ஏதோ ஒன்றைக் கவனிக்க வேண்டும் என்று பொருள். டயர் வேலைக்குப் பிறகு பெரும்பாலும் எரிவது மூன்று: ஏபிஎஸ் விளக்கு, டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு, காற்றழுத்த விளக்கு. ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் வசதி. டிராக்‌ஷன் கண்ட்ரோல் அதற்கு நேர்மாறானது, முறுக்கும்போது பின்சக்கரம் வீணாகச் சுழலாமல் இன்ஜின் சக்தியைக் குறைப்பது.

ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். வண்டி நிற்கும், ஆனால் திடீரென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். அதனால் நிதானமாக ஓட்டிச் சென்று சரிபார்க்க அவகாசம் உண்டு. ஈரச் சாலையில் நீண்ட பயணம் போக அது அனுமதி அல்ல.

## கணினி சக்கரத்தை எப்படிப் பார்க்கிறது

ஒரு தந்தையும் குழந்தையும் கைகோத்து நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தூரத்தைக் கடக்கக் குழந்தைக்கு அதிக அடிகள் தேவை, தந்தைக்குக் குறைவு. இருவரின் காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த விகிதம் பழகிவிடும். திடீரென்று குழந்தையின் காலடி கேட்காமல் போனாலோ, தந்தையின் காலடி மட்டும் தாறுமாறாக வேகமெடுத்தாலோ, ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பைக்கின் முன்சக்கரமும் பின்சக்கரமும் அப்படித்தான். இரண்டின் சுற்றளவும் பொதுவாக ஒன்றாக இருக்காது. முன்னால் 110/70-17, பின்னால் 140/70-17 டயர் உள்ள வண்டியில் முன்சக்கரத்தின் சுற்றளவு சுமார் 184 செ.மீ., பின்சக்கரத்தினுடையது சுமார் 197 செ.மீ. சாதாரண ஓட்டத்தில் முன்சக்கரம் ஏறக்குறைய 7 சதவீதம் அதிகமாகச் சுற்றும். கணினிக்கு இது தெரியும். இந்த விகிதம் எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை வைத்துத்தான் எந்தச் சக்கரம் பூட்டுகிறது, எது வீணாகச் சுழல்கிறது என்று முடிவு செய்கிறது.

இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில், காலடியைக் கேட்கும் காது ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிறது. டிஸ்க்கை ஒட்டி, துளைகளோ பற்களோ வெட்டிய ஒரு மெல்லிய உலோக வளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். இதை டோன் ரிங் என்பார்கள். அதன் முகத்துக்கு எதிரே, அசையாமல், கட்டைவிரல் நுனி அளவு சென்சார் ஒன்று மாட்டியிருக்கும். அதற்குச் சக்கர வேக சென்சார் என்று பெயர். ஒவ்வொரு பல்லும் கடந்து போகும்போது காந்தப்புலம் மாறி ஒரு மின்துடிப்பு கிளம்பும். வளையத்தில் 48 பற்கள் இருந்தால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தப் பின்சக்கரத்திலிருந்து நொடிக்குச் சுமார் 400 துடிப்புகள் போகும்.

சென்சார் வளையத்தைத் தொடுவதில்லை. நடுவே இருக்கும் இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.5 முதல் 1.5 மி.மீ. வரைதான். டயர் வேலைக்குப் பிறகு வரும் கோளாறுகளில் பலவற்றின் வேர் இந்தச் சிறிய இடைவெளி. சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இதுவரை சொன்னது: வளையம் சுற்றுகிறது, சென்சார் துடிப்பு அனுப்புகிறது, கணினி முன் பின் வேகத்தை ஒப்பிடுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் விளக்கு எரிகிறது.

## கோளாறே இல்லாமல் எரியும் நேரங்கள்

சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிவதும், வண்டி நகரும்வரை எரிந்துகொண்டே இருப்பதும் பல மாடல்களில் இயல்பு. சக்கரம் சுற்றினால்தானே துடிப்பு வரும்? மணிக்கு 5 முதல் 10 கி.மீ. வேகத்தைத் தாண்டி, இரண்டு சக்கரத்திலிருந்தும் தகவல் வந்த பிறகுதான் கணினி விளக்கை அணைக்கும். டயர் மாற்றிய அன்று எல்லோரும் மீட்டரை வழக்கத்தைவிடக் கவனமாகப் பார்ப்பதால், தினமும் எரிந்து அணைந்த விளக்கே புதிதாகத் தெரியும். கடைவாசலில் நின்றபடி கவலைப்படாமல் ஒரு சிறு தூரம் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று ஸ்டாண்டில் ஓட்டுவது. வேலை முடிந்ததும் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலோ, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் பேடாக் ஸ்டாண்டிலோ நிறுத்தி, இன்ஜினை ஆன் செய்து, கியர் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றவிடுவது பல பட்டறைகளில் பழக்கம். பின்சக்கரம் மணிக்கு 40 கி.மீ. என்கிறது, முன்சக்கரம் பூஜ்யம் என்கிறது. கணினிக்கு இது நடக்கவே முடியாத காட்சி. ஏபிஎஸ் விளக்கும் டிராக்‌ஷன் விளக்கும் சேர்ந்தே எரியும். பெரும்பாலான வண்டிகளில் சாவியை அணைத்து, மறுபடி போட்டு, சாலையில் ஓட்டினால் தானாகவே அணைந்துவிடும். செயின் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், கையால் சுற்றுங்கள். விரலும் தப்பும், விளக்கும் எரியாது.

## எப்போது எரிகிறது என்று கவனியுங்கள்

விளக்கு எரிகிறது என்ற ஒரே தகவலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எப்போது, எந்த வேகத்தில், எப்படி எரிகிறது என்பதைக் கவனித்தால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். போக்குவரத்து இல்லாத நேரான இடத்தில், மெதுவாக ஓட்டிப் பாருங்கள், பிரேக் பிடிக்க வேண்டியிருந்தால் மென்மையாகப் பிடியுங்கள்.

சாவி போட்டதிலிருந்து அணையவே இல்லை, ஓட்டினாலும் மாற்றமில்லை என்றால், முதலில் மின்தொடர்பை நினையுங்கள். கணினி சாவி போட்டவுடனேயே ஒயர்களைச் சோதிக்கும். சென்சார் ஒயரை இணைக்கும் கப்ளர் சொருகப்படாமல் தொங்குவது, ஒயர் அறுந்திருப்பது, ஃபியூஸ் போயிருப்பது எல்லாம் அந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும். பேட்டரியும் சந்தேகப் பட்டியலில் உண்டு. வேலை நடக்கும்போது சாவி ஆனிலேயே கிடந்து பேட்டரி இறங்கியிருந்தால், ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து ஏபிஎஸ் கணினி பிழை பதிவு செய்யும். இன்ஜின் அணைந்த நிலையில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை.

வண்டி நகரத் தொடங்கியதும் விளக்கு அணைவதுபோல் போய்ச் சில மீட்டரிலேயே மறுபடி வந்துவிட்டது என்றால், அநேகமாக ஒயர் சரி, துடிப்புதான் வரவில்லை. ஒரு சக்கரம் ஓடுகிறது, மற்றது நிற்பதாகக் கணினிக்குத் தோன்றுகிறது. இங்கே சந்தேகப்பட வேண்டியது இடைவெளி, வளையம், ஆக்சிலில் சக்கரத்தின் இரு பக்கமும் கோத்திருக்கும் ஸ்பேசர்.

மேடு பள்ளத்தில் மட்டும், அல்லது ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் எரிந்தால், ஒயர் எங்கோ இழுபடுகிறது. கப்ளர் சொருகியிருந்தாலும் கிளிக் என்று பூட்டாமல் இருக்கலாம்.

நேரான சாலையில் சீரான வேகத்தில் நெடுநேரம் போன பிறகு டிராக்‌ஷன் விளக்கு எரிந்தால், அல்லது வண்டி காரணமின்றி இழுவை குறைந்தால், டயர் அளவைச் சரிபாருங்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

ஏபிஎஸ், டிராக்‌ஷன், க்ரூஸ் கண்ட்ரோல் விளக்குகள் ஒன்றாக எரிந்து, ஸ்பீடோமீட்டரும் செத்துக் கிடந்தால் பயந்துவிட வேண்டாம். நான்கு கோளாறு அல்ல, அநேகமாக ஒன்றுதான். இந்த நான்கும் ஒரே சக்கர சென்சாரிடமிருந்து தகவல் வாங்கும் வண்டிகள் பல. ஒரு கப்ளரை அழுத்திப் பூட்டினால் நான்கும் சரியாகிவிடலாம். சில மாடல்களில் இதே காரணத்தால் இன்ஜின் விளக்குகூட எரியும்.

## சக்கரத்தருகே உட்கார்ந்து பார்க்க வேண்டியவை

சாவியை அணைத்து, வண்டியை உறுதியாக நிறுத்திவிட்டு, எந்தச் சக்கரத்தைக் கழற்றினார்களோ அதிலிருந்து தொடங்குங்கள். நல்ல டார்ச் வெளிச்சம் தேவை.

சென்சார் ஒயரைப் பின்தொடருங்கள். முன்பக்கம் அது சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை ஒட்டி, கிளிப்புகளில் பிடித்தபடி மேலே போகும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றியபோது கிளிப்பிலிருந்து வெளிவந்து, திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால் ஒயர் டிஸ்க்கிலோ டயரிலோ உரசும். காலிப்பர் பிராக்கெட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே நசுங்கியும் போகலாம். மேலுறை நன்றாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கக்கூடும், ஆகவே மடிந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்து சென்சாரின் முகம். அதன் நுனி காந்தத் தன்மை உள்ளது, இரும்புத் துகளையும் பிரேக் தூளையும் ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு போல்ட்டைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுத்து, உலர்ந்த சுத்தமான துணியால் துடையுங்கள். பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், பிளாஸ்டிக் கெடும். மாட்டும்போது அது உட்காரும் குழியில் துரு, மண் இல்லாமல் பாருங்கள், அரை மி.மீ. மண் இருந்தாலே இடைவெளி கூடிவிடும். அந்தச் சிறிய போல்ட்டை முழு பலத்தோடு முறுக்கினால் சென்சாரின் உடல் விரிசல் விடும்.

பிறகு டோன் ரிங். சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து அதன் மேல் ஏறி நின்று டயரை விடுவிப்பதுதான் வளையத்துக்கு வரும் பெரிய ஆபத்து. எடை முழுவதும் டிஸ்க்கிலும் வளையத்திலும் இறங்கி வளைந்துவிடும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு முழுச் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விலகினால் வளையம் வளைந்திருக்கிறது. அளக்க ஃபீலர் கேஜ் இருந்தால், பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகடு நல்லது, இரும்புத் தகடு சென்சாரில் ஒட்டிக்கொண்டு அளவைக் குழப்பும். வளையத்தைத் தட்டி நிமிர்த்தி ஓட்ட வேண்டாம், மாற்றுங்கள்.

கடைசியாக ஸ்பேசர். சக்கரத்தின் இரு பக்கமும் ஆக்சிலில் கோத்திருக்கும் குழாய்த் துண்டுகள் அவை. இடதும் வலதும் பல வண்டிகளில் ஒரே நீளம் அல்ல. மாற்றிப் போட்டாலும் சக்கரம் உள்ளே போய்விடும், நட்டும் இறுகிவிடும். ஆனால் சக்கரம் சில மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்து, வளையம் சென்சாரை விட்டு விலகும் அல்லது உரசும். சென்சார் போய்விட்டது என்று தீர்ப்பு வழங்கப்படும் வண்டிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். டிஸ்க் காலிப்பரின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பது இதற்கு நல்ல அடையாளம்.

இந்த வேலைகளை முடித்து வண்டியை நகர்த்தும் முன், பிரேக் லிவரையும் பெடலையும் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். சக்கரம் மாட்டும்போது பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள், முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது. இதற்கு எந்த விளக்கும் எரியாது.

சுருக்கமாக, ஒயர், சென்சார் முகம், வளையம், ஸ்பேசர். இந்த நான்கையும் கண்ணால் பார்க்காமல் சென்சார் வாங்காதீர்கள். மல்டிமீட்டரில் ஓம் அளந்து முடிவுக்கு வருவதும் எல்லாச் சென்சாருக்கும் பொருந்தாது, வெளியிலிருந்து மின்சாரம் வாங்கி இயங்கும் வகையில் அந்த அளவுக்குப் பொருளே இல்லை.

## டயர் அளவு மாறினால்

பக்கவாட்டில் எழுதியிருக்கும் 140/70-17 என்பதில் 140 அகலம் மி.மீ. கணக்கில், 70 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது, 17 ரிம் விட்டம் அங்குலத்தில். இதற்குப் பதில் 150/60-17 போட்டால் பார்க்க அகலமாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் பக்க உயரம் 98 மி.மீ.யிலிருந்து 90 ஆகக் குறைகிறது. சுற்றளவு 197.2 செ.மீ.யிலிருந்து 192.2 ஆகிறது, அதாவது சுமார் 2.5 சதவீதம் குறைவு. அதே சாலையில் பின்சக்கரம் இப்போது அவ்வளவு அதிகமாகச் சுற்ற வேண்டும். கணினிக்கு இது பின்சக்கரம் எப்போதும் சற்றே வழுக்கிக்கொண்டிருப்பதுபோல் தெரியும்.

அதே அளவில் புது டயர் போட்டாலும் விகிதம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். தேய்ந்த டயரைவிடப் புது டயரின் ரப்பர் 5 மி.மீ. தடிமன் கூடுதல் என்றால் விட்டத்தில் 10 மி.மீ., ஏறக்குறைய 1.6 சதவீத வித்தியாசம். இது நடக்கும் என்று தெரிந்தே கணினிக்குச் சகிப்பு எல்லை வைத்திருக்கிறார்கள், ஆகவே விளக்கு எரியாது. அளவு மாற்றமும் தேய்மான வித்தியாசமும் ஒரே திசையில் சேரும்போதுதான் எல்லை தாண்டும். சில மாடல்களில் புது டயரின் சுற்றளவை மீட்டர் மெனு வழியாகவோ, கோளாறைப் படிக்கும் டயக்னாஸ்டிக் கருவி வழியாகவோ கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முறை உண்டு, அதைச் செய்தால் போதும். இல்லாத மாடலில் கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்புவதுதான் வழி.

## காற்றழுத்த விளக்கு வேறு கதை

டிபிஎம்எஸ் என்பது டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு. பல வண்டிகளில் ரிம்முக்கு உள்ளே, வால்வின் அடியோடு ஒட்டி, பேட்டரி கொண்ட சிறு சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் மீட்டருக்கு அனுப்புகிறது. பேட்டரியை மிச்சப்படுத்தச் சக்கரம் நிற்கும்போது தூங்கிவிடும். அதனால் டயர் மாட்டியவுடன் மீட்டரில் எண்ணுக்குப் பதில் கோடு தெரிவது இயல்பு. சில கி.மீ. ஓட்டியபின் எண் வரும்.

எண் வந்தும் விளக்கு எரிந்தால், டயர் குளிர்ந்த நிலையில் நம்பகமான கேஜ் கொண்டு அளந்து பாருங்கள். உண்மையிலேயே காற்று குறைவாக இருக்கலாம், விளக்கு தன் கடமையைத்தான் செய்கிறது. ஓட்டத்தில் சூடான டயரில் அளந்து நிரப்பியிருந்தால், குளிர்ந்ததும் அழுத்தம் இறங்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 பிஎஸ்ஐ குறையும்.

கேஜில் சரியான அளவு, மீட்டரில் மட்டும் கோடு, எவ்வளவு ஓட்டியும் மாற்றமில்லை என்றால் சென்சார் பேசவில்லை. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவிக்கும் கருவியை வால்வுக்கு அருகில் வைத்து அழுத்தினால் சென்சார் ஒரே நொடியில் உடைந்துவிடும். அதனால்தான் டயர் கழற்றுபவரிடம் உள்ளே சென்சார் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பஞ்சர் திரவம் ஊற்றியிருந்தால் அதன் அழுத்தத் துளை அடைபடலாம். பேட்டரி தீர்ந்திருந்தால் பெரும்பாலான வகைகளில் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, முழுச் சென்சாரையும் மாற்ற வேண்டும். ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். பழைய சென்சார் என்றால் டயர் கழன்றிருக்கும்போதே மாற்றிவிடுவது கெட்டிக்காரத்தனம், இல்லையென்றால் அதற்காகவே மறுபடி டயரைக் கழற்ற வேண்டியிருக்கும். புதியது போட்டால் அதன் அடையாள எண்ணை வண்டியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத சென்சார் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது.

## விளக்கை அணைப்பது பற்றி

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று சொல்வார்கள். ஏபிஎஸ் கணினி பிழைக் குறியீடுகளை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் வைத்திருக்கும், எனவே பெரும்பாலும் பயனிருக்காது. ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கினால் விளக்கு அணையாது, ஏபிஎஸ்தான் அணையும். காரணத்தைச் சரிசெய்த பிறகு பல வண்டிகள் சில ஓட்டங்களில் தாமாகவே விளக்கை அணைக்கும். மற்றவற்றுக்கு டயக்னாஸ்டிக் கருவியால் குறியீட்டை அழிக்க வேண்டும்.

அந்தக் கருவி காட்டும் குறியீட்டைப் படிக்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். "முன்சக்கர வேகத் தகவல் இல்லை" என்று வந்தால், அந்தப் பாதையில் எங்கோ தடை என்பது மட்டுமே அதன் பொருள். சென்சார் செத்தது என்று அது சொல்லவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது எந்தச் சக்கரம் கழற்றப்பட்டது, விளக்கு எந்த வேகத்தில் எரிந்தது, கூடவே வேறு எது வேலை செய்யவில்லை, டயரின் பழைய அளவும் புது அளவும் என்ன என்று எழுதிக் கொடுங்கள். குறியீட்டை அழிக்கும் முன் அதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள், விளக்கு மறுபடி எரிந்தால் அதே குறியீடுதான் வந்ததா என்று ஒப்பிட அது தேவைப்படும்.